அப்டேட் ஆகும்போது ரிலே விழக் கூடாது: ஒரு ஸ்மார்ட் பிளக்கோடு நான்கு மாதம்

நேற்று இரவு பத்தே முக்கால் மணிக்கு வேலை முடிந்தது. லேப்டாப்பில் ஒரு பக்கம், ரவுட்டர் உயிரோடு இருக்கிறதா என்று விடாமல் கேட்டுக்கொண்டிருக்கும் பிங் ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கம், அந்த ரவுட்டருக்கே கரண்ட் கொடுக்கும் ஸ்மார்ட் பிளக்கில் புது ஃபர்ம்வேர், அதாவது அதன் உள்ளே ஓடும் நிரல், ஏறிக்கொண்டிருந்தது. ஏறி முடிந்ததும் பிளக் ரீபூட் ஆனது. அதன் நீல விளக்கு அணைந்து, சில நொடி கழித்து மறுபடி மினுக்கியது. பிங் ஒரு வரிகூடத் தவறவில்லை. காதைப் பிளக்கின் பக்கத்தில் வைத்திருந்தேன், கரண்டைச் சேர்த்து வெட்டும் உள் சுவிட்சான ரிலேயிடமிருந்து சத்தமே இல்லை.

இந்த அமைதி கிடைக்க நான்கு மாதம் ஆனது. எங்கெங்கே தவறாகப் போனேன் என்பதையும் சேர்த்து எழுதி வைக்கிறேன். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்குச் சரியான வழியைவிட அந்தத் தவறான வழிகள்தான் அதிகம் உதவும் என்று நினைக்கிறேன்.

தொடங்கியது ரவுட்டரில் இல்லை, அம்மா வீட்டு ஃபிரிட்ஜில். அம்மா பாளையங்கோட்டையில் இருக்கிறார், நான் சென்னையில். ஃபிரிட்ஜ் கதவில் அவருடைய இன்சுலின் இருக்கும். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்தாக வேண்டும். ஒரு நாள் இரவு ஃபிரிட்ஜ் நின்றுபோனால், காலையில் கதவைத் திறக்கும்வரை யாருக்கும் தெரியாது. அதனால் கரண்ட் அளக்கும் ஸ்மார்ட் பிளக் ஒன்றை வாங்கி, இத்தகைய கருவிகளுக்கான திறந்த ஃபர்ம்வேரான இஎஸ்பிஹோமை ஏற்றி, அங்கே ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஹோம் அசிஸ்டன்ட் என்ற வீட்டுக் கட்டுப்பாட்டு மென்பொருளோடு இணைத்தேன். இரண்டு மணி நேரம் தொடர்ந்து 30 வாட்டுக்குக் கீழே இருந்தால் என் ஃபோனுக்குச் செய்தி வரும். சென்னையிலிருந்து வயர்கார்டு என்ற விபிஎன் வழியாக அந்த வீட்டு நெட்வொர்க்குக்குள் போய்ப் பார்ப்பேன். மார்ச் மாதம் இதைப் பொருத்திவிட்டு சென்னைக்குத் திரும்பினேன்.

கவனிக்க வேண்டியது இதுதான்: எனக்கு அந்தப் பிளக் தேவைப்பட்டது அளப்பதற்கு மட்டும். ஆனால் அளக்கும் பிளக் பெரும்பாலானவற்றில் ரிலே இருக்கிறது. கரண்ட் அந்த ரிலேயைத் தாண்டித்தான் ஃபிரிட்ஜுக்குப் போகிறது. ரிலேயைப் பிடித்துக்கொண்டிருப்பதோ உள்ளே இருக்கும் ஒரு சின்ன சில்லு. சில்லு தடுமாறினால் ஃபிரிட்ஜும் தடுமாறும்.

முதல் அப்டேட்டை ஏப்ரலில் சென்னையிலிருந்தே போட்டேன். ஏறி முடிந்ததும் திரையில் வாட் கணக்கு 0 என்று நின்றது. சுவிட்சைப் பார்த்தால் ஆஃப். பதறிப்போய் உடனே ஆன் செய்தேன். இடையில் இருபது நொடி இருந்திருக்கும். கொஞ்ச நேரத்தில் அம்மா ஃபோனில் வந்தார். “எய்யா, ஃபிரிட்ஜு என்னவோ முக்கிக்கிட்டே கெடக்கு. டிக்குன்னு ஒரு சத்தம் வருது, அப்புறம் சும்மா இருக்கு, மறுபடி முக்குது.”

அது கம்ப்ரசர். ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்ரசரை நிறுத்தினால், உள்ளே ஒரு பக்கம் ஏறியிருக்கும் அழுத்தம் சமமாக மூன்று முதல் ஐந்து நிமிடம் வேண்டும். ஸ்டெபிலைசர்களில் மூன்று நிமிடம் ‘டைம் டிலே’ வைத்திருப்பது இதற்காகத்தான். அதற்குள் கரண்ட் திரும்பினால் மோட்டாரால் அந்த அழுத்தத்தை எதிர்த்துச் சுழல முடியாது. பழைய வகை ஃபிரிட்ஜில் ஸ்டார்ட் செய்து கொடுக்கும் பிடிசி என்ற பாகமும் சூடாகவே இருப்பதால் அதுவும் கை கொடுக்காது. மோட்டார் நின்ற இடத்தில் நின்றபடி கரண்டை இழுத்து முனகும். ஓவர்லோடு என்ற பாதுகாப்புச் சுவிட்ச் சூடேறி ‘டிக்’ என்று வெட்டும். ஆறியதும் மறுபடி சேரும், மறுபடி முனகும். அன்று மூன்றாவது தடவைதான் கிளம்பியது.

காரணம் எளிது. இஎஸ்பிஹோமில் சுவிட்சுக்கு ‘ரீஸ்டோர் மோட்’ என்று ஒரு வரி உண்டு. எதுவும் எழுதாவிட்டால் அது ‘ஆல்வேஸ் ஆஃப்’. ஒவ்வொரு முறை எழும்போதும் ரிலே அணைந்த நிலையில்தான் தொடங்கும். நான் எழுதவில்லை. அன்றிரவே ‘ஆல்வேஸ் ஆன்’ என்று மாற்றினேன். கடைசியாக இருந்த நிலைக்கே திரும்பும் ‘ரீஸ்டோர் டிஃபால்ட் ஆன்’ கூட இருக்கிறது. ஆனால் ஃபிரிட்ஜ் அணைந்த நிலையில் திரும்ப வேண்டிய சந்தர்ப்பமே எனக்கு இல்லை. கூடவே சுவிட்சை ‘இன்டர்னல்’ ஆக்கி ஹோம் அசிஸ்டன்ட் திரையிலிருந்து மறைத்தேன், யாரும் விரல் தவறி அணைத்துவிடக் கூடாது. பிளக்கின் மேலிருக்கும் பட்டனையும் ரிலேயிலிருந்து கழற்றிவிட்டேன். அந்தப் பிளக்கைத் துடைக்கும்போது துணி பட்டாலே பட்டன் அமுங்கும்.

அடுத்த அப்டேட்டில் வாட் கணக்கு திரும்ப வந்தது. சரி, முடிந்தது என்று விட்டுவிட்டேன். உண்மையில் முடியவில்லை. அன்றும் கம்ப்ரசர் தடுமாறியிருக்க வேண்டும். ஆனால் பிளக் எழுந்து வைஃபை பிடிக்கும்வரை அது எதையும் அளந்து அனுப்பாது. எந்த நொடியைப் பார்க்க வேண்டுமோ, சரியாக அந்த நொடியில் அளக்கிற கருவிக்குக் கண் இல்லை. வரைபடத்தில் ஒரு சின்ன இடைவெளி மட்டும் இருந்தது, நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ராஸ்பெரி பையின் எஸ்டி கார்டு செத்துப்போனது. ஹோம் அசிஸ்டன்ட் இல்லாவிட்டால் எனக்கு எச்சரிக்கை வராது, அவ்வளவுதானே, அடுத்த வாரம் ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். ஞாயிறு காலை அம்மா கூப்பிட்டார். பால் திரிந்துவிட்டது. ஃபிரிட்ஜ் கால் மணிக்கு ஒரு தடவை டிக் என்கிறது, ராத்திரியெல்லாம் அப்படித்தான் என்றார். தெர்மாமீட்டரை உள்ளே வைத்துப் பார்க்கச் சொன்னேன். 14 டிகிரி.

“அந்தப் பொட்டியக் கழட்டிப் போட்டுட்டு நேரா சொருகுங்கம்மா” என்றேன். “அதை நேத்தே செஞ்சிருக்கணும்யா” என்றார். பிரிக்காத இரண்டு இன்சுலின் கார்ட்ரிட்ஜ்களைத் தூக்கிப் போட்டோம். அவை கெட்டிருக்குமா இல்லையா என்று யோசித்துக்கொண்டிருக்க எனக்கு மனசு வரவில்லை.

கால் மணி என்ற அந்தக் கணக்குத்தான் துப்பு. இஎஸ்பிஹோமில், ஹோம் அசிஸ்டன்ட்டோடு பேசும் ஏபிஐ பகுதியில் ‘ரீபூட் டைம்அவுட்’ என்று ஒன்று இருக்கிறது. எழுதாமல் விட்டால் அது 15 நிமிடம். ஹோம் அசிஸ்டன்ட்டோ வேறு யாரோ 15 நிமிடம் வந்து பேசாவிட்டால், இணைப்பில் ஏதோ கோளாறு என்று எடுத்துக்கொண்டு பிளக் தன்னைத்தானே ரீபூட் செய்துகொள்ளும். வைஃபை பகுதியிலும் அதே 15 நிமிடம். ஒரு வெப்பமானிக்கு இது நல்ல ஏற்பாடு, மாட்டிக்கொண்டால் தானே விடுவித்துக்கொள்ளும். ஃபிரிட்ஜுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ரிலேக்கு இது ஆகாது. பை செத்த வெள்ளி மாலையிலிருந்து சனி முழுக்க, ஞாயிறு காலைவரை, கம்ப்ரசர் பாதி ஓட்டத்தில் கால் மணிக்கு ஒரு அடி வாங்கியிருக்கிறது.

இரண்டு இடத்திலும் ‘ரீபூட் டைம்அவுட்’டை 0 நொடி என்று போட்டேன். 0 என்றால் ரீபூட்டே வேண்டாம் என்று பொருள். ஆனால் இது ரீபூட்டின் எண்ணிக்கையைக் குறைக்கும், அவ்வளவுதான். ரீபூட் ஆனால் ஏன் ரிலே விழுகிறது என்ற கேள்வி அப்படியே இருந்தது. இனி ஃபிரிட்ஜை வைத்துப் பரிசோதிப்பதில்லை என்று முடிவு செய்தேன். அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

சென்னையில் அதே மாடல் பிளக் இன்னொன்று வாங்கினேன், 950 ரூபாய். ரிச்சி தெருவில், லேப்டாப்பைச் சில்லோடு நேராக இணைக்கும் சிபி2102 யுஎஸ்பி சீரியல் போர்டு 190 ரூபாய். ஒரு 60 வாட் குண்டு பல்பும் ஹோல்டரும் 85 ரூபாய்.

பிளக்கின் மூடி ஸ்க்ரூ போட்டதில்லை, ஒட்டியது. மெல்லிய ஸ்பட்ஜரை இடுக்கில் விட்டுச் சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினால் ஒரு ‘பட்’ சத்தத்தோடு விடும். உள்ளே இரண்டு போர்டு. ஒன்றில் ரிலேயும் பவர் சப்ளையும். இன்னொன்று செங்குத்தாக நிற்கும் சின்ன போர்டு, இஎஸ்பி8266 என்ற வைஃபை சில்லு அதில்தான் இருக்கிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த வகைப் பிளக்கில் சில்லின் கிரவுண்ட், வீட்டுக் கரண்டிலிருந்து பிரிக்கப்பட்டதில்லை. கரண்டை அளக்க 1 மில்லிஓம் அளவுள்ள ஷன்ட் என்ற ரெசிஸ்டரைக் கரண்ட் பாதையிலேயே வைத்து அதன் இரு முனையிலும் தொட்டு அளக்கிறார்கள். அதனால் 3.3 வோல்ட் பக்கமும் 230 வோல்ட்டில்தான் மிதந்துகொண்டிருக்கிறது. சுவரில் சொருகிய நிலையில் யுஎஸ்பி வயரை இணைத்தால் லேப்டாப்பும் போகும், கையும் போகும். நான் இந்த வேலை முழுவதும் பிளக்கைச் சுவரில் சொருகவே இல்லை. பெஞ்ச் சப்ளையிலிருந்து (வோல்ட்டை மாற்றிக்கொள்ளக்கூடிய, மேஜை மேல் வைக்கும் பவர் சப்ளை) 5 வோல்ட்டை நேராக ரிலே போர்டின் கெபாசிட்டர் முனையில் கொடுத்தேன். சில்லு எழுந்தது, ரிலே அடித்தது, அளவு மட்டும் 0 காட்டியது. இந்த வேலைக்கு அது போதும்.

மல்டிமீட்டரை பஸரில் வைத்துத் தடம் பிடித்தேன். சில்லின் ஜிபிஐஓ 12 (நிரலால் ஆன், ஆஃப் செய்யக்கூடிய கால்களில், அதாவது பின்களில், ஒன்று), ஒரு 1 கிலோஓம் ரெசிஸ்டர், ஒரு டிரான்சிஸ்டர், அப்புறம் ரிலே காயில். காயில் 62 ஓம். 5 வோல்ட்டில் 80 மில்லிஆம்பியர் சொச்சம். ரிலே எந்த வோல்ட்டில் விடுகிறது என்று பார்க்க பெஞ்ச் சப்ளையை மெல்ல இறக்கினேன். 1.1 வோல்ட்டில் ‘டக்’.

அப்புறம் ரிலே எவ்வளவு நேரம் விழுந்து கிடக்கிறது என்று அளக்க வேண்டும். என்னிடம் ஆஸிலோஸ்கோப் இல்லை. ஃபோனைப் பிளக்கின் மேல் குப்புற வைத்து ஒலிப்பதிவு போட்டுவிட்டு ரீபூட் பட்டனைத் தட்டினேன். பதிவை ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் திறந்து பெரிதாக்கினால், ஓரளவு தட்டையான கோட்டில் இரண்டு முள் தனித்து நிற்கிறது. ரிலே விழும்போது ஒன்று, திரும்பப் பிடிக்கும்போது ஒன்று. முதல் முள் கொஞ்சம் மென்மை, இரண்டாவது கூர்மை. இரண்டுக்கும் நடுவே ஐந்து தடவை அளந்தேன்: 304, 311, 309, 315, 306 மில்லிநொடி. சராசரி 309. நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் பதினைந்து சுழற்சிக்கு மேல். குண்டு பல்பு கண் சிமிட்டுகிற அளவு, ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகிற அளவு, கம்ப்ரசர் நின்றுபோகிற அளவு.

இங்கேதான் பெரிய தவறான வழியில் போனேன். 310 மில்லிநொடி தானே, ஒரு கெபாசிட்டர் அதைத் தாங்காதா என்று தோன்றியது. காயிலுக்குக் குறுக்கே கெபாசிட்டர் போட்டால், டிரான்சிஸ்டர் விட்டாலும் அதில் தேங்கிய கரண்ட் காயிலைப் பிடித்துவைக்கும். 1000 மைக்ரோஃபாரட் போட்டேன். கணக்குப்படி 5 வோல்ட்டிலிருந்து 1.1 வோல்ட்டுக்கு இறங்க 94 மில்லிநொடி. ஒலிப்பதிவில் இடைவெளி அந்த அளவுக்குக் குறைந்தது, மறையவில்லை. 2200 போட்டேன். 206 மில்லிநொடி வரை பிடித்தது, இன்னும் போதவில்லை. 4700 போட்டால் கணக்கில் 440 வருகிறது, பெஞ்ச் சப்ளையில் வேலையும் செய்தது. ரிலே அசையவே இல்லை. சந்தோஷமாகக் கழற்றி, பிளக்கின் சொந்த பவர் சப்ளைக்கு மாற்றி, ஒயர்களையெல்லாம் எடுத்துவிட்டு, மூடியைக் கட்டி, சுவரில் சொருகினேன்.

டக், டக், டக் என்று நிற்காமல் அடித்தது. உள்ளே இருக்கும் குட்டி சப்ளையால் காலியாக இருக்கும் 4700 மைக்ரோஃபாரட்டை ஒரே மூச்சில் நிரப்ப முடியவில்லை. ரிலேயை ஆன் செய்த கணத்தில் 5 வோல்ட் சரிந்தது. சில்லு மயங்கி ரீபூட் ஆனது. எழுந்ததும் மறுபடி ஆன் செய்தது, மறுபடி சரிந்தது. ரீபூட்டைத் தாண்டி நிற்க நான் வைத்த பொருளே ரீபூட்டை உண்டாக்கியது. பெஞ்ச் சப்ளையில் தெரியாததற்குக் காரணம், அது கேட்கிற அளவு கரண்டைக் கொடுத்துவிடும் என்பதே.

வரிசையில் ஒரு ரெசிஸ்டரும் டயோடும் போட்டு மெல்ல நிரப்பலாம்தான். ஆனால் அந்தக் கெபாசிட்டர் மூடிக்குள் அடங்கவே இல்லை. அதைவிட முக்கியம், காயில் மெல்ல மெல்லத் தளர்ந்தால் தொடுமுனைகளும் மெதுவாகப் பிரியும். நடுவில் நெருப்புப் பொறி நின்று எரியும், முனைகள் சீக்கிரம் கருகும். ரிலே விழுந்தால் சட்டென்று விழ வேண்டும். மூன்று கெபாசிட்டருக்கு 51 ரூபாயும் இரண்டு சனிக்கிழமையும் போனது.

அந்தக் கோபத்தில்தான், இஎஸ்பி8266 பற்றிய இஎஸ்பிஹோம் ஆவணத்தை முதல் வரியிலிருந்து உட்கார்ந்து படித்தேன். ‘ஏர்லி பின் இனிட்’ என்று ஒரு தேர்வு. இயல்பாக அது ட்ரூ. சில்லு எழுந்த உடனே, மற்ற எதுவும் தொடங்கும் முன்பே, கான்ஃபிக்கில் சொல்லியிருக்கும் பின்களைத் தெரிந்த ஒரு நிலையில் கொண்டுபோய் வைத்துவிடும். ஒரு மோட்டாரோ ஹீட்டரோ எழும் நேரத்தில் இரண்டும்கெட்டானாகத் தொங்கக் கூடாது என்றால் அது நல்லதுதான். என் ரிலேக்கு அந்தத் தெரிந்த நிலை ‘லோ’, அதாவது ஆஃப். அப்புறம் சுவிட்ச் பகுதி தொடங்கி, ரீஸ்டோர் மோடைப் படித்து, ‘ஆல்வேஸ் ஆன்’ என்று பார்த்து மேலே ஏற்றும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்ததுதான் என்னுடைய 309 மில்லிநொடி. சுவிட்ச் வைத்திருப்பவர்கள் இதை ஃபால்ஸ் ஆக்குவது நல்லது, இல்லாவிட்டால் அப்டேட்டிலும் ரீஸ்டார்ட்டிலும் சுவிட்ச் அடித்துக்கொள்ளும் என்று அந்த ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது.

ஃபால்ஸ் என்று போட்டேன். சில்லு மென்பொருளால் ரீபூட் ஆகும்போது, யாராவது மாற்றச் சொல்லும்வரை ரிலேயின் ஜிபிஐஓ பின் இருந்த நிலையிலேயே இருக்கும். முன்பு அதை மாற்றிக்கொண்டிருந்தது அந்த ஆரம்ப ஏற்பாடு. அது விலகியதும், சுவிட்ச் பகுதி வந்து ஏற்கெனவே ‘ஹை’யாக இருக்கும் பின்னை மறுபடி ‘ஹை’ என்கிறது. ரிலேக்கு எதுவும் தெரிவதில்லை. ஃபோனில் ஒலிப்பதிவு போட்டு ரீபூட் செய்தேன். தட்டையான கோடு, முள்ளே இல்லை. நம்ப முடியாமல் ஃபோனில் பதிவாவது ஆகிறதா என்று விரலால் மேஜையைத் தட்டிப் பார்த்துக்கொண்டேன்.

சாதாரண ரீபூட் வேறு, ஓடிஏ அப்டேட்டுக்கு (வைஃபை வழியாகவே போடும் அப்டேட்) பிறகு வரும் ரீபூட் வேறு. அதையும் தனியாகப் பார்க்க வேண்டியிருந்தது. இஎஸ்பி8266-இல் புது ஃபர்ம்வேர் முதலில் ஃபிளாஷின் காலி இடத்தில் போய் உட்காரும். ரீபூட் ஆனதும் ஈபூட் என்ற சிறு நிரல் அதைத் தொடக்க இடத்துக்கு நகல் எடுத்துவிட்டுத்தான் ஓடவிடும். அதனால் சில நொடி கூடுதலாக ஆகும். அந்த நேரம் முழுக்கவும் ரிலே பிடித்தபடி இருக்கிறதா என்பதே கேள்வி. பிளக்கைச் சுவரில் சொருகிக் குண்டு பல்பைப் பொருத்தி, இருட்டறையில் உட்கார்ந்து பார்த்தேன். பல்பு நடுங்கவில்லை. பன்னிரண்டு முறை அப்டேட் போட்டேன். அப்புறம் இரண்டு நிமிடத்துக்கு ஒரு ரீபூட் வீதம் நூறு ரீபூட்டுக்கு ஒரு ஆட்டோமேஷன் எழுதி, ஃபோனை மேலே வைத்துப் பதிவை ஓடவிட்டுத் தூங்கப் போனேன். மூன்றே கால் மணி நேரத்துக்கு மேல் ஓடிய பதிவில் எங்கேயும் ரிலே முள் இல்லை. தெருவில் நாய் குரைத்தது மட்டும் ஓரிடத்தில் இருந்தது.

இது எல்லாப் பின்னுக்கும் இப்படியே வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் பிளக்கில் ரிலே ஜிபிஐஓ 12-இல் இருந்தது நல்லதாகப் போயிற்று. ஜிபிஐஓ 16 எழும்போதே தானாக ஹை ஆகும். 0, 2, 15 மூன்றும் சில்லு எந்த முறையில் எழ வேண்டும் என்று தீர்மானிக்கும் பின்கள். 1-ஆம் பின் எழும்போது சீரியலில் பேசும். ரிலே இவற்றில் எதிலாவது மாட்டியிருந்தால் மேலே சொன்ன ஒரு வரி மட்டும் போதாமல் போகலாம். வாங்கும் முன் அந்த மாடலின் பின் வரைபடத்தைத் தேடிப் பார்த்துவிடுங்கள்.

கரண்ட் போய் வருவது வேறு கதை. அப்போது சில்லே இறந்து எழுகிறது, எந்தப் பின்னும் எதையும் நினைவில் வைத்திருக்காது. ரிலே விழுந்துதான் எழும். கரண்ட்டே இல்லாத நேரத்தில் ரிலே விழுந்து என்ன, கிடந்து என்ன. திரும்ப வந்ததும் ‘ஆல்வேஸ் ஆன்’ பார்த்துக்கொள்ளும். இஎஸ்பிஹோமுக்குப் பதில் டாஸ்மோட்டா என்ற ஃபர்ம்வேர் வைத்திருப்பவர்களுக்கு அந்த இடத்தில் ‘பவர்ஆன்ஸ்டேட் 1’. எதுவும் மாற்றாவிட்டால் அது 3, அதாவது கடைசியாகச் சேமித்த நிலை.

இவ்வளவு செய்த பிறகும், அம்மா வீட்டு ஃபிரிட்ஜில் அந்தப் பிளக்கை அப்படியே திரும்ப வைக்க எனக்குத் துணிவில்லை. இஎஸ்பிஹோமில் சேஃப் மோட் என்று ஒன்று உண்டு. பிளக் தொடர்ந்து பத்து முறை தடுமாறி விழுந்து எழுந்தால் அதற்குள் போகும். அங்கே வைஃபையும் ஓடிஏவும் போன்ற அடிப்படைப் பகுதிகள்தான் எழும், சுவிட்ச் பகுதி தொடங்கவே தொடங்காது. நடக்க வாய்ப்பு குறைவு. ஆனாலும் அளப்பதற்கு மட்டும் வைத்த ஒரு கருவி ஃபிரிட்ஜை அணைக்கும் வாய்ப்பு ஏன் இருக்க வேண்டும்?

ஜூனில் ஊருக்குப் போனபோது பழைய பிளக்கைத் திறந்தேன். ரிலேயின் இரண்டு தொடுமுனைகள் போர்டின் அடியில் அகலமான தகரம் பூசிய தடங்களில் வந்து முடிகின்றன. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் மூன்று சென்டிமீட்டர் வெட்டி, தோலுரித்து, இரண்டு தடத்துக்கும் நடுவே பாலமாக வைத்து சாலிடர் செய்தேன். 25 வாட் சாலிடரிங் அயர்ன் இதற்குப் பற்றவில்லை. செம்பு சூட்டையெல்லாம் இழுத்துக்கொண்டு, ஈயம் உருண்டு உருண்டு நின்றது. பக்கத்துத் தெரு மிக்ஸி ரிப்பேர் கடை அண்ணனிடம் 60 வாட் வாங்கி வந்தேன். அதில் வைத்த உடனே ஈயம் பளபளவென்று படர்ந்து வயரை மூழ்கடித்தது. ஆறியதும் இடுக்கியால் பிடித்து இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. பஸர் வைத்துப் பார்த்தால் ரிலே விழுந்திருந்தாலும் ‘பீப்’. மூடி ஒட்டி, வெளியே மார்க்கரில் “ரிலே இல்லை, அளவு மட்டும்” என்று எழுதினேன். நாளைக்கு யாராவது இதை அயர்ன் பாக்ஸுக்கு எடுத்துப் போட்டு, ஆப்பில் அணைத்துவிட்டோம் என்று நம்பிவிடக் கூடாது.

பரணில் கிடந்த ஸ்டெபிலைசரையும் இறக்கித் துடைத்துப் பிளக்குக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில் வைத்தேன். ஈபி கரண்ட் விட்டு விட்டு வரும் நாளில் அதன் மூன்று நிமிட டிலே உதவும். ஸ்டெபிலைசர் தனக்கென்று கொஞ்சம் வாட் இழுக்கிறது, அதனால் எச்சரிக்கை வரம்பை 30-லிருந்து 40 வாட்டுக்கு ஏற்றினேன். புது எஸ்டி கார்டு 450 ரூபாய். ரயில் டிக்கெட்டைச் சேர்க்காமல் மொத்தச் செலவு 1,726 ரூபாய்.

பரிசோதனைக்கு வாங்கிய பிளக்தான் இப்போது சென்னை வீட்டு ரவுட்டருக்கு முன்னால் இருக்கிறது. இங்கே ரிலே வேண்டும். நெட் மாட்டிக்கொண்டால் பிளக்கே ரவுட்டரை 15 நொடி அணைத்துப் போடுகிறது. இந்த வேலையைப் பிளக்குக்குள்ளேயே எழுத வேண்டும். ஹோம் அசிஸ்டன்ட்டில் எழுதினால், ரவுட்டரை அணைத்த பிறகு திரும்பப் போடச் சொல்ல வழியே இருக்காது. வைஃபைதான் போய்விட்டதே.

அடுத்த முறை சில விஷயங்களை வேறு மாதிரி செய்வேன். அணையவே கூடாத ஒன்றை அளக்க ரிலே உள்ள பிளக்கையே வாங்க மாட்டேன். வயரைச் சுற்றி மாட்டும் சிடி காயிலோடு வரும் பிசெம்-004டி போன்ற மீட்டர் வைத்தால் கரண்ட் எதையும் தாண்டிப் போக வேண்டியதில்லை. ரிலே வேண்டும் என்றால் லேட்சிங் ரிலே. அதற்கு ஒரு சின்னத் துடிப்புப் போதும், அப்புறம் காயிலில் கரண்டே இல்லாமல் வைத்த நிலையில் நிற்கும். பிளக் சூடாவதும் குறையும். இஎஸ்பி32 சில்லு என்றால், பின்னை இருக்கும் நிலையில் பூட்டிவைத்து ரீசெட்டைத் தாண்டவும் பிடித்துக்கொள்ளும் ‘ஹோல்ட்’ வசதி சில்லிலேயே இருக்கிறது. அதை இன்னும் நான் செய்து பார்க்கவில்லை. கடைசியாக வாங்கிய ஒரு பிளக்கைத் திறந்தால் உள்ளே இஎஸ்பி இல்லை, பிகே7231என் சில்லு இருந்தது. ‘ஏர்லி பின் இனிட்’ இஎஸ்பி8266-க்கு மட்டும் உரியது, அங்கே செல்லாது. அது மேஜை மேல் இருக்கிறது, குண்டு பல்பை வைத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இன்னொரு பழக்கமும் வந்திருக்கிறது. ஃபிரிட்ஜ் பக்கம் எதைத் தொடுவதானாலும் வரைபடத்தைப் பார்த்து, கம்ப்ரசர் ஓய்வில் இருக்கும் நேரமாகத் தொடுவேன். அம்மா வீட்டு ஃபிரிட்ஜ் இந்தப் பருவத்தில் சுமார் இருபது நிமிடம் ஓடி, அரை மணி ஓய்வெடுக்கிறது.

இன்று காலை மட்டும் வேண்டுமென்றே அதை மீறினேன். கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது, ஸ்டெபிலைசரையும் சேர்த்து 118 வாட். அம்மாவை ஃபோனில் கூப்பிட்டு, அவர் சமையலறையில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே ஃபிரிட்ஜ் பிளக்குக்கு அப்டேட் போட்டேன். பேச்சுக்குப் பின்னால் கம்ப்ரசரின் உறுமல் மெலிதாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. பிளக் திரையிலிருந்து மறைந்தது, சில நொடியில் திரும்ப வந்தது, 117 வாட். அம்மா தங்கை வீட்டுக் கல்யாண மொய் நோட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், நடுவில் நிறுத்தவே இல்லை.